தானாக வரும் என்று சொல்லாதீர்கள்

"அது தானாக வரும்" என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால், அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் நடுவில், மாலை ஆறேகால் மணிக்கு, ஒரு கையில் தகரப் பேணியும் மறு கையில் டோர்ச் லைட்டுமாக நிறுத்திவிட்டு, நான் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து தேநீர் குடிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். தானாக வருமாம்! மழை தானாக வரும், கரண்ட் பில் தானாக வரும், அழையாத விருந்தாளியும் தானாக வருவார். எங்கள் வீட்டுப் பூனை கறுப்பன் மட்டும் பொழுது பட்ட பிறகு தானாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. வேலையால் வந்த உடுப்பைக்கூட மாற்றாமல், கழுத்துப்பட்டியோடு அயலவரின் கார்களுக்கு அடியில் குனிந்து பார்க்கிற மனிதனாகத்தான் என்னை இந்த ஒழுங்கை அறியும். போன மாதம் புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளை ஒன்று என்னைச் சுட்டிக்காட்டி, "அம்மா, பூனை அங்கிள் வாறார்" என்றது. கணக்காளராக இருபத்திரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

கறுப்பனும் அவனுடைய தங்கை சின்னாச்சியும் 2021 ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில், எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடந்த கடதாசிப் பெட்டியொன்றில் கண் திறந்தும் திறவாமலும் வந்து சேர்ந்தவர்கள். சின்னாச்சியைப் பற்றி எழுத எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆறு மணி அடித்தால் குசினி வாசலில் கிடக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரே தாயின் வயிற்றில், ஒரே பெட்டியில், ஒரே பால்மாவில் வளர்ந்த இரண்டில் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் ஆனது எப்படி என்று என் மாமியாரிடம் கேட்டால், "ஆம்பிளைப் பிள்ளையள் எல்லாம் உப்பிடித்தான் தம்பி" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். அவனுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதை நான் அவரிடம் நினைவூட்டுவதில்லை.

"பூனை இரவிலே திரிகிற பிராணிதானே, விட்டுவிடுங்களேன், ஏன் அந்தரப்படுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் இரவு பத்து மணிக்கு எங்கள் பக்கம் ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காலி நகருக்குப் போகிற காலி வீதி. மறுபக்கம் பகலில் நெரிசலில் ஊர்ந்து, இரவில் வெறிச்சோடியதும் வாகனங்கள் பறக்கிற மரைன் டிரைவ். அதற்கும் அப்பால் கடலோர ரயில் பாதை. பத்து மணிக்குப் பிறகு ஒழுங்கையைத் தம்முடைய பெயருக்கு எழுதி எடுத்துக்கொள்கிற ஐந்து தெருநாய்கள் வேறு. அவை எல்லாவற்றையும்விட எனக்கு நெஞ்சு பதறுவது எலி நஞ்சுக்குத்தான். நஞ்சு தின்ற எலி தள்ளாடி நடக்கும், பூனைக்கு அதைப் பிடிப்பது சுலபம், பிடித்துத் தின்றால் நஞ்சு பூனைக்கும் ஏறும். அது இரத்தத்தை உறையவிடாமல் செய்கிற வகை நஞ்சாக இருந்தால், இரண்டு மூன்று நாட்களுக்கு வெளியே ஒரு குறியும் தெரியாது. தெரிகிற நேரத்தில் உள்ளே எங்கெங்கோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இந்த ஒழுங்கையில் எந்த வீட்டில், எந்த மூலையில், எவர் எதை வைத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சண்டைக் கதையும் இருக்கிறது. 2023 இல் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு வந்தவன், சாப்பாட்டைத் தொடாமல் அலுமாரிக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டான். வால் தொடங்குகிற இடத்தில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிச் சுட்டது. பூனையின் கோரைப்பல் ஒல்லியானது. ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்துவிடும், மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். மிருக வைத்தியர் மயிரை மழித்து, கீறி, சீழை வெளியேற்றிய நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு ஏழு நாட்கள், காலையும் மாலையும் கீரிமீன் தலைக்குள் மாத்திரையை ஒளித்து வைத்து ஊட்டினேன். அவன் ஏழு நாட்களும் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் கழுவித் துடைத்தது போல நிலத்தில் வைத்தான். அப்போது இந்த "தானாக வரும்" கூட்டத்தில் ஒருவராவது வந்து அவன் வாயைத் திறந்து பிடித்தாரா?

நான் கூப்பிடுகிற நேரம்தான் அவனுக்கு விடிகிற நேரம் என்பது எனக்கும் தெரியும். பூனை நட்டநடு இரவுக்குரிய பிராணியல்ல. விடியலும் அந்தியுமே அதன் வேட்டைப் பொழுதுகள். பகல் முழுவதும் என் மடித்து வைத்த துவாய்களின் மேல் உறங்கிவிட்டு, எலியும் பல்லியும் அசையத் தொடங்குகிற மங்கலில் அவன் சோம்பல் முறித்து எழும்புகிறான். அந்த நேரம் பார்த்து நான் கதவைக் காட்டி உள்ளே வா என்கிறேன். அந்த மங்கல் ஒரு நேரத்தில் நிலையாக நிற்பதுமில்லை. கொழும்பில் நவம்பரில் ஆறு மணியாவதற்கு முன்னரே சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும், ஜூலையிலோ ஆறரை மணி வரை வெளிச்சம் நிற்கும். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கிற நேரம் நாளுக்கு நாள் நிமிடக் கணக்கில் நகர்வது போலவே கறுப்பனின் பொழுதும் நகர்கிறது. நகராதது நான் வேலைத்தலத்தில் கையொப்பமிட்டு வெளியேறுகிற நேரமும் காலி வீதி நெரிசலும் மட்டும்தான். ஜூலையில் எப்படியோ தப்பித்துக்கொள்கிறேன். நவம்பரில், நான் பேருந்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் மதில் தாண்டிவிடுகிறான்.

2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களை மற்றவர்கள் எரிவாயு வரிசையையும் பெற்றோல் வரிசையையும் வைத்து நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் கறுப்பனை வைத்து நினைவில் வைத்திருக்கிறேன். ஒழுங்கை முழுவதும் மை ஊற்றியது போல இருட்டு; அதற்குள் கரிக்கட்டி நிறத்தில் ஒரு பூனை. டோர்ச் வெளிச்சம் விழுகிற இடத்தில் பச்சையாக இரண்டு பொத்தான்கள் மினுங்கும், ஏனென்றால் பூனைக் கண்ணின் பின்புறத்தில் வெளிச்சத்தைத் திருப்பி எறிகிற படலம் ஒன்று இருக்கிறது. நான் நெருங்குவேன். அவன் கண்ணை மூடிக்கொள்வான். அத்துடன் உலகத்தில் அப்படியொரு பூனையே இல்லாமல் போய்விடும். பெற்றரி தீர்ந்துபோகும்வரை இப்படி ஒரு மணித்தியாலம் கண்ணாமூச்சி விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், மனைவி மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "தானா வரும் தானே அப்பா" என்றாள். வீட்டுக்குள்ளேயே!

தகரப் பேணியைக் குலுக்கச் சொல்லித் தராதவர்கள் இல்லை. குலுக்கினேன். முதல் வாரம் கறுப்பன் வந்தான். இரண்டாவது வாரம் சின்னாச்சி, ஏற்கனவே உள்ளே இருந்தவள், வெளியே வந்தாள். மூன்றாவது வாரம் அந்த ஐந்து நாய்களும் வரிசையாக வந்து வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தன, மதிலில் இரண்டு காகங்கள், போதாததற்குப் பாண் வண்டிக்காரர் முச்சக்கர வண்டியின் பாட்டை நிறுத்திவிட்டு யாரோ தன்னை மறிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நாய்களைக் கண்ட கறுப்பன் தொடர்மாடியின் தகரக் கூரைக்கு ஏறியவன்தான்.

காது கேட்கவில்லையோ என்று ஒரு காலத்தில் பரிதாபப்பட்டேன். பிறகுதான் அட்சுகோ சைட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2013 இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி வாசித்தேன். இருபது வீட்டுப் பூனைகளுக்கு, அந்நியர்கள் கூப்பிடுகிற குரலையும் வளர்த்தவர் கூப்பிடுகிற குரலையும் ஒலிபரப்பிக் காட்டியிருக்கிறார்கள். பூனைகள் வளர்த்தவரின் குரலை இனங்கண்டிருக்கின்றன. காதைத் திருப்பியிருக்கின்றன, தலையைத் திருப்பியிருக்கின்றன. எழுந்து வரவோ பதில் குரல் கொடுக்கவோ மட்டும் இல்லை. விஞ்ஞானிகள் அதை எவ்வளவு அமைதியாக எழுதியிருந்தாலும், அதன் அர்த்தம் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கூரை விளிம்பில் அந்த இடது காது மட்டும் என் பக்கம் திரும்புவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கேட்கிறது ஐயா, கேட்கிறது. நான் யார் என்பதும் தெரிகிறது. வரத்தான் மாட்டானாம்.

ஆனால் என் உண்மையான கோபம் அவனில் அல்ல. இந்த ஒழுங்கையில் தனி வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துத் தொடர்மாடிகளாக்கிவிட்டார்கள். பக்கத்துத் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம் எங்கள் மதிலோடு ஒட்டியபடி இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவனைத் தேடி அங்கே போனபோது, தூணுக்குப் பின்னால் காவலாளியின் கதிரைக்கு அருகில் வாழையிலைத் துண்டொன்றில் சோறும் பொரித்த சூடை மீனும், அதற்கு முன்னால் என் கறுப்பனும். "களு, களு" என்று அந்த மனிதர் சிங்களத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தார். களுவாம்! கறுப்புக்குச் சிங்களம். மூன்றாம் மாடி அக்காவிடம் போய் முறையிட்டேன். அவர்தான் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற மூத்தவர். அவர் கதவைத் திறந்ததும், "ஓ, எங்கட கிருஷ்ணாவையோ தம்பி கேட்கிறியள்? பாவம், ஒவ்வொரு நாளும் பின்னேரம் பசியோட வந்து பாக்கும், நான் நெத்தலி அவிச்சுக் குடுக்கிறனான்" என்றார், ஏதோ என் வீட்டில் பட்டினி போட்டு வளர்ப்பது போல. வயதில் மூத்தவர், என்ன சொல்வது? "நல்லது அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தேன்.

ஆறு மணிக்குச் சூடை, ஆறரைக்கு நெத்தலி, இடையில் சூடான கார் எஞ்சினுக்கு மேல் ஒரு குட்டித்தூக்கம். இவ்வளவும் கிடைக்கும்போது, என் பேணிக்குள் கிடக்கிற காய்ந்த உருண்டைகளுக்காக எந்தப் பிராணி இறங்கி வரும்? சாப்பாடு போடுகிறவர்கள் போடட்டும், அது புண்ணியம்தான். ஆனால் ஊசி போடவும் சீழைத் துடைக்கவும் இரவு பதினொன்றரைக்குக் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கவும் நான், கிருஷ்ணா என்று பெயர் வைக்க அவர்களா? காலையில் போடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டேன். "காலையில அது வராதே தம்பி" என்கிறார். காலையில் அவன் என் துவாயில் உறங்குகிறான், எப்படி வருவான்?

பிழை என்னிடமும் இருக்கிறது என்பதை, மனைவி இதை வாசிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். காவலாளி களு என்றால் மீன். அக்கா கிருஷ்ணா என்றால் நெத்தலி. நான் கறுப்பன் என்றால் கதவு சாத்தப்படும். வேறு எதற்காகவும் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாலையானால் மட்டும் கூப்பிட்டு, தூக்கி, உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டு, இத்தனை வருடங்களாக அந்தப் பெயரைக் கேட்டதும் ஓட வேண்டும் என்று பாடம் நடத்தியவன் நானேதான்.

அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்தேன். காவலாளி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்து, அந்தப் பிள்ளை யன்னலில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மதிலோரம் குனிந்து, மெதுவாக, "களு... களு..." என்றேன். கூரையிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி வந்தான். என்னிடமிருந்து மூன்று அடி தூரத்தில், குரல் யாருடையது என்று பிடிபட்டிருக்க வேண்டும், அப்படியே நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கை எட்டாத அந்த இடத்திலேயே உட்கார்ந்து, பின்னங்காலை உயர்த்தி நக்கத் தொடங்கினான்.

மேலே மூன்றாம் மாடியில் யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. நெத்தலி மணத்தது.