சுழல் மட்டும் கூடினால் போதாது

'காற்று எவ்வளவு சுழல்கிறதோ அவ்வளவு நன்றாக டீசல் எரியும்' என்கிறது டீசல் எஞ்சின் பற்றிய ஒரு கட்டுரை. சிலிண்டருக்குள் காற்று சுற்றுவதைத்தான் சுழல் (ஸ்வர்ல்) என்கிறோம். ஓரளவுக்குத்தான் சரி. அளவு மீறினால் நாசிலில் (டீசலைப் பீய்ச்சும் முனை) ஒரு துளையின் ஸ்ப்ரே அடுத்த துளையின் எரிந்த வாயுவுக்குள் போய் விழும். காற்றில்லாமல் கரி கூடும், சுவருக்குப் போகும் வெப்பமும் கூடும். நாலைந்து துளை நாசில், 200 பார் திறப்பழுத்தம் (நாசில் திறக்கும் அழுத்தம்) உள்ள பழைய எஞ்சினுக்குச் சுழல் உயிர். 1,600 பார் காமன் ரெயிலில் (உயரழுத்த டீசலை ஒரே குழாயில் தேக்கி எல்லா நாசிலுக்கும் கொடுக்கும் முறை) ஏழெட்டு நுண்துளைகளே காற்றோடு கலக்கும் பாதி வேலையை முடித்துவிடும்.

நாசிலை மாட்டும்போது அதன் அடியில் உள்ள பழைய செப்பு வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புதியதையும் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. வாஷர் கனத்துக்கு நாசில் மேலேறி, ஸ்ப்ரே பிஸ்டன் குழிக்குள் இறங்காமல் விளிம்பில் அடிக்கும். சுழல் இருந்தும் கரும்புகைதான். ஸ்வர்ல் ஃப்ளாப் (காற்றுவழியில் மூடிச் சுழலைக் கூட்டும் தகடு) உள்ள வண்டியில், இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) கரி ஒட்டி அது மூடியபடியே நின்றால் குறைந்த வேகத்தில் தெரியாது, ஆர்.பி.எம். ஏறும்போதுதான் இழுவை போகும். டீசல் பம்பைச் சந்தேகித்துக் கழற்றுமுன் ஃப்ளாப்பை அசைத்துப் பாருங்கள்.