வட்ட ஊசியில் பர்ல் சுற்று தேவையா?
நுவரெலியாக் குளிருக்குத் தொப்பி பின்னக் கேட்டவருக்கு, வழுவழுப்பான முகம் வர வட்ட ஊசியிலும் (இரு முனையும் வளையும் கம்பியால் இணைந்த, குழாய் போலப் பின்னும் ஊசி) ஒரு சுற்று நிட் (நம் பக்கம் 'வி' வடிவம் தரும் அடிப்படைக் கண்ணி), ஒரு சுற்று பர்ல் (அதற்கு நேர்மாறாக, நம் பக்கம் மேடு தரும் கண்ணி) என்று மாற்றிப் போடச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது நேர் ஊசிக்கான முறை. அங்கே வரிசைக்கு வரிசை பின்னலைத் திருப்புகிறோம், அதனால் உள்பக்கம் நம் பக்கம் வரும் வரிசையில் பர்ல் போடுகிறோம். வட்டத்தில் திருப்புவதே இல்லை. வெளிப்பக்கம் எப்போதும் நம் பக்கமே இருக்கும். அதனால் எல்லாச் சுற்றும் நிட் போட்டாலே போதும். மாற்றிப் போட்டால் வரிவரியாக மேடு தட்டும் கார்ட்டர் என்ற பின்னல்தான் வரும் (அதுவும் அழகுதான், ஆனால் கேட்டது அது இல்லை).

சந்தேகமென்றால் கொழும்புப் புறக்கோட்டையில் மலிவான நூல் ஒரு பந்து வாங்குங்கள். 40 சென்டிமீட்டர் வட்ட ஊசி நிறையக் கண்ணி ஏற்றி, முறுக்காமல் இணைத்து, 6 சுற்று நிட் மட்டும் போடுங்கள். அப்புறம் 6 சுற்று மாற்றி மாற்றி. முதல் பகுதியில் மட்டும் குட்டிக் குட்டி 'வி' வடிவங்கள் தெரியும்.