கதிர்வீச்சு இல்லைதான், ஆனால்...

"எம்ஆர்ஐ-யில் கதிர்வீச்சே கிடையாது, ஒருமுறை படித்தால் போதும், தொடர்கல்வி எல்லாம் சான்றிதழ் வியாபாரம்" என்கிறார் ஒருவர், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பற்றி. எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை, சரி. மீதி தப்பு. எம்ஆர்ஐ கருவிக்குள் உள்ள மீக்கடத்திக் காந்தம் (மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாமல் இயங்கும் காந்தம்) ஸ்கேன் நடக்காத நள்ளிரவிலும் இயக்கத்தில்தான் இருக்கும், அதன் வலிமை 1.5 டெஸ்லா (காந்தப்புல அலகு) என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. இரும்பு சிலிண்டரையே இழுத்துவிடும் என்பதால், ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், விதிகளே மாறுகின்றன. உடலில் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் எம்ஆர்ஐ கூடவே கூடாது என்பதுதான் பழைய பாடம். நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யக்கூடிய பேஸ்மேக்கருக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2011-இல் அனுமதி தந்தது. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கடோலினியம் மருந்துக்கும் கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களின் தோலை இறுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-இல்தான் வெளிவந்தது. 2005-இல் படிப்பை முடித்தவர் இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்?