கொடைக்கானல் பாதரசம்: லாபம் ஒருவர் கணக்கில், நஞ்சு இன்னொருவர் உடம்பில்

சிறுவயதில் வீட்டிலிருந்த தெர்மாமீட்டர் உடைந்தபோது, சிமெண்டுத் தரையில் உருண்டோடிய வெள்ளி மணிகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒன்று சேர்த்து விளையாடியிருக்கிறேன். அழுத்தினால் சிதறும், அருகே தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். அறையின் சாதாரண வெப்பத்திலேயே அந்தப் பாதரசம் வாசனையே இல்லாமல் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது ஏறக்குறைய ஒரு கிராம். அதையே டன் கணக்கில் கையாண்ட தொழிற்சாலை ஒன்று கொடைக்கானலில் 2001 வரை இயங்கியது.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த அந்த ஆலை 1980களின் தொடக்கத்தில் இங்கே இடம் மாற்றப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. செய்யப்பட்ட தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கானவை. ஆலை நின்ற இடமோ பாம்பாறு சோலைக்கு மேலே. அங்கிருந்து வழியும் நீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஒரு நஞ்சைக் கையாளும் ஆலைக்கு மலையுச்சியில், மழைக்காட்டின் தலைமாட்டில் இடம் கொடுத்த முடிவை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் காயலான் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலையிலிருந்து விற்கப்பட்ட அந்தக் கண்ணாடி 5.3 டன் என்று நிறுவனமே கூறியது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. போராட்டம் இல்லாவிட்டால் அது இங்கேயே கிடந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

கழிவைத் திருப்பி அனுப்பலாம், உடம்பை என்ன செய்வது? பாதரச ஆவி சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும் என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. போதிய பாதுகாப்புக் கவசம் இல்லாமல் வேலை பார்த்தோம், வேலைக்குப் போட்ட துணியோடுதான் வீட்டுக்குப் போனோம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆலைப் பணியால் யாருக்கும் நோய் வரவில்லை என்றது நிறுவனம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது, அதுவும் மனிதாபிமான அடிப்படையில் என்ற பெயரில். ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, உரிமையாகக் கேட்டதைக் கருணையாகப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியே மனிதரைச் சிதைத்த நோய் 1956இலேயே அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த நிறுவனத்தின் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஹோசோகவா, 1959இல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. முடிவை நிறுவனம் வெளியே விடவில்லை. கழிவு விடுவது 1968 வரை தொடர்ந்தது. கொடைக்கானலில் ஆலை வந்தபோது இந்தக் கதை உலகறிந்த கதை.

மண்ணைச் சுத்தப்படுத்துவதில் எழுந்த தகராறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவு இங்கே ஏற்கப்பட்டது. இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவரின் நாடான பிரிட்டனில், குடியிருப்பு மண்ணில் உலோகப் பாதரசத்துக்கான வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம்தான் என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். அளவை இறுக்கினால் இன்னும் நிறைய மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்கள் போகும் என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது; சோலைச் சரிவில் தோண்டினால் மண் அரித்துக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கலை உண்டாக்கியவர்களே அதைக் காரணம் காட்டிச் செலவைக் குறைத்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்? பாம்பாற்றின் வண்டலையும் மீனையும், அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளையும், நிறுவனத்தின் பணத்தில், நிறுவனம் தேர்ந்தெடுக்காத மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் கொண்டு, ஆண்டுதோறும் பரிசோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.