தழும்புகூட அளவெடுத்தா?

புதுச்சேரியை வைத்துச் சரித்திரக் காதல் கதை எழுதுகிறவர்களே, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். அப்படி ஒரு நாவலைக் கடலூர் பஸ்ஸில் படித்துத் தலைவலிதான் மிச்சம். கதை நடப்பது, பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த ஊரை ஆங்கிலேயர்கள் வளைத்துக்கொண்ட 1760 முற்றுகையில். கூச்ச சுபாவமுள்ள பணக்கார வாரிசு, சிப்பாயைச் சந்திப்பது கடற்கரைக் கலங்கரை விளக்கத்தடியில். அது எரிய ஆரம்பித்ததே 1836-ல்தான்! ஊரே பட்டினியில் கிடக்கிறது, இவள் தோழியோடு பாயசம் குடிக்கிறாள்.

அப்புறம் அந்தச் சிப்பாயின் தழும்பு. கன்னத்தில் மெலிசாக ஒரே கோடு, அதுவும் அவனுக்கு அழகு கூட்டுகிறதாம். பீரங்கிக்கு முன்னால் நின்றவனுக்கு ஒரு பல்லாவது போயிருக்காதா? அம்மை வடுகூடவா இல்லை? சரி, போகட்டும். 1761 ஜனவரியில் ஊர் சரணடைகிறது. கடைசி அத்தியாயத்தில் இருவரும் மஞ்சள் சுவர் வீதிகளில் கைகோத்து நடக்கிறார்கள். எந்த வீதி ஐயா? பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளைக்காரப் பட்டணத்தைத்தான் ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களே!