கொம்ப எண்ணுறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாருங்க

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, காலைல ஸ்டாண்டுக்கு (மரத்து மேல உக்காந்து காத்திருக்கிற மேடை) கீழயே ஒரு கிடா மான் வந்து நின்னுச்சு, கவட்டை மாதிரி ரெண்டு பக்கமும் சின்னக் கொம்பு, இருவது கஜம் கூட இருக்காது, வில்ல முழுசா இழுத்துட்டேன், அப்புறம் என்னமோ தோணி இறக்கிட்டேன், அது பாட்டுக்குப் போயிருச்சு, இப்ப தூக்கம் வரல, விட்டது சரியா தப்பா"ன்னு கேட்டான். ஒரு மணி நேரம் பேசினோம். போன வச்சப்புறமும் சொல்ல வேண்டியது மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதான் இங்க கொட்டுறேன். லைசன்ஸ் எடுத்து, சீசன்ல, டேக் (அடிச்ச மான்ல கட்டுற அனுமதிச் சீட்டு, ஒரு மானுக்கு ஒண்ணு) கட்டி, சட்டப்படி போற வேட்டையப் பத்தி மட்டும்தான் பேச்சு. வேட்டையே கூடாதுங்கிறவங்களோட சண்டைய இன்னொரு நாள் வச்சுக்குவோம்.

மொத குழப்பமே "சின்ன மான்"ங்கிற வார்த்தைலதான் இருக்கு. எது சின்னது? உடம்பா, கொம்பா, வயசா? மூணும் ஒண்ணுன்னு நினைச்சுதான் பாதிப் பேரு முடிவெடுக்கிறான். நம்ம பேசுற வட அமெரிக்க வெள்ளைவால் மானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழுந்து புதுசா முளைக்கும். ஒண்ணரை வயசுக் கிடா திங்கிறதெல்லாம் எலும்பும் சதையும் வளரவே போயிரும், மிச்சம் மீதிதான் கொம்புக்கு. அஞ்சு வயசுல இருந்து ஏழு வயசுக்குள்ளதான் கொம்பு உச்சத்துக்கு வரும். அதனால மொத கொம்பு குச்சி மாதிரி இருந்தா "இது ஜாதியே மட்டம், அடிச்சு ஒழிச்சாதான் காட்டுல நல்ல கிடா வரும்"னு சொல்றவன் பேச்ச நம்பாதீங்க. தாய் லேட்டா ஈன்றிருக்கலாம், அந்த வருஷம் மேய்ச்சல் சரியில்லாம இருந்திருக்கலாம். வேலி இல்லாத காட்டுல ஒரு துப்பாக்கிய வச்சுக்கிட்டு பரம்பரையத் திருத்தப் போறேன்னு கிளம்புறது எனக்குச் சிரிப்பாத்தான் வருது.

எனக்கு இதுல விழுந்த அடிய சொல்றேன். நாலாவது சீசன்னு நினைக்கிறேன். சாயங்காலம், வெளிச்சம் மங்கிக்கிட்டு வருது, காட்டு ஓரத்துல இருந்து ஒத்தையா ஒரு மான் வெளிய வந்துச்சு. கொம்பு இல்ல. பெட்டை டேக் பையில இருக்கு. பக்கத்துல வேற மான் எதுவும் இல்ல, அதனால அளவு பிடிபடல, அந்த நேரத்துல எனக்கு அது நல்ல பெட்டையாத்தான் தெரிஞ்சுச்சு. சுட்டேன், அம்பதடி கூட ஓடல, விழுந்துருச்சு. டார்ச்ச அடிச்சுக்கிட்டுப் போய் இழுக்கலாம்னு தலையப் பிடிச்சேன் பாருங்க, காதுக்கு நடுவுல, தோலுக்கு அடியில, விரலுக்கு ரெண்டு முடிச்சு தட்டுப்படுது. புளியங்கொட்டை மாதிரி. வாயத் திறந்து கீழ்த்தாடைல மூணாவது பல்லப் பார்த்தேன், மூணு மேடா இருந்துச்சு, பால் பல்லு, ஒண்ணரை வயசு வாக்குல அது விழுந்து ரெண்டு மேடு இருக்கிற பல்லு வந்துரும். அதாவது என் கையில கிடந்தது அந்த வருஷம் பொறந்த ஆண் குட்டி, ஆறு மாசம் இருக்கும். சட்டப்படி ஒரு தப்பும் இல்ல, கொம்பில்லாத மான் கணக்குலதான் அது வரும். ஆனா அன்னைக்கு அத வண்டி வரைக்கும் இழுத்துட்டுப் போக ரொம்ப நேரம் ஆச்சு, அது கனமா இருந்ததால இல்ல.

அதுக்கப்புறம்தான் மூஞ்சியப் பார்க்கக் கத்துக்கிட்டேன். வளர்ந்த பெட்டைக்கு மூஞ்சி நீளமா இருக்கும், உடம்பு பக்கவாட்டுல நீளப் பெட்டி மாதிரி, கழுத்தும் நீளம். குட்டிக்கு மூஞ்சி கட்டை, உடம்பு சதுரம், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல தூரமே இருக்காது. பெட்டைக்கு ரெண்டு காதுக்கும் நடுவுல மண்டை உருண்டையா இருக்கும், ஆண் குட்டிக்கு அந்த இடம் தட்டையா இருக்கும். ஒத்தையா வர்ற "சின்னப் பெட்டை"ய சந்தேகத்தோடயே பாருங்க, இன்னொரு மான் பக்கத்துல வர்ற வரைக்கும் பொறுத்தா ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிடா விஷயத்துல, காத விறைச்சு நிக்கும்போது காது நுனிக்கு நுனி ஏறக்குறைய 16 இஞ்ச் இருக்கும், கொம்பு அந்த அகலத்துக்குள்ளயே அடங்கி, கழுத்தும் ஒல்லியா, காலு மட்டும் நீட்டமாத் தெரிஞ்சா பெரும்பாலும் அது பொடியன்தான். வயசான கிடாவுக்கு நெஞ்சு இறங்கி, வயிறு தொங்கி, காலு குட்டையாத் தெரியும், இணை சேர்ற காலத்துல கழுத்து வீங்கி நேரா நெஞ்சுல போய் சேர்ற மாதிரி இருக்கும்.

பாயிண்ட, அதாவது கொம்புல இருக்கிற முனைய, எண்ணி முடிவு பண்றதுல ஒரு சிக்கல் இருக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 2002ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, பெரும்பாலான இடத்துல ஒரு பக்கக் கொம்புல குறைஞ்சது 3 பாயிண்ட் இருந்தாதான் அடிக்கலாம், மேற்குப் பக்கம் அப்ப 4. ஒண்ணரை வயசுக் கிடாவ எல்லாரும் அடிச்சுத் தீர்க்கிறத நிறுத்தத்தான். நோக்கம் நல்லதுதான், பலனும் இருந்துச்சு, பொடியன்கள் நிறைய தப்பிச்சுச்சு. ஆனா விதி எண்ணுறது முனைய, வயச இல்ல. நல்ல தீனி தின்ன ஒண்ணரை வயசுக் கிடா எட்டு முனையோட வந்து நின்னா அது சட்டத்துக்குப் பெருசு. அதனால விதி முடியற இடத்துக்கு அப்புறம் நம்ம கண்ணுதான்.

சரி, அப்ப பெருச மட்டும் அடிச்சா புண்ணியமான்னா அதுவும் கிடையாது. கனடாவுல ஆல்பர்ட்டா பக்கம் ராம் மவுண்டன்னு ஒரு மலை, அங்க பெரிய கொம்புக் காட்டு ஆடுகள வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா அளந்து ஆராய்ச்சி பண்ணாங்க, 2003ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு. அப்ப சட்டம் என்னன்னா கொம்பு இவ்ளோ வளைஞ்சாதான் அடிக்கலாம். என்ன ஆச்சு, வேகமா கொம்பு வளர்ற கிடாயெல்லாம் நாலஞ்சு வயசுலயே அளவுக்கு வந்து சாகுது, இனப்பெருக்கத்துல அதோட முறை வர்றதுக்கு முன்னாடியே. கொம்பு மெதுவா வளர்றது தப்பிச்சுக் குட்டி போட வைக்குது. 30 வருஷத்துல கொம்பும் எடையும் சராசரில இறங்கியே போச்சு. அங்க மந்தை சின்னது, அடிச்சது குறிப்பா கொம்பப் பார்த்து, அதனால மான் காட்டுக்கு அப்படியே பொருந்தாதுதான், ஆனா "நான் பெருச மட்டும்தான் அடிப்பேன்"னு நெஞ்ச நிமித்துறவங்க இத ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கணும்.

இன்னொண்ணு, நம்ம விட்ட பொடியன் அடுத்த வருஷம் பெருசாகி நம்மகிட்டயே வருவான்ங்கிறது பகல் கனவு. ஒண்ணரை வயசு வாக்குல ஆண் மான்ல பாதிக்கு மேல பொறந்த இடத்த விட்டே கிளம்பிடும், பல கிலோமீட்டர் தள்ளிப் போய் செட்டில் ஆகும். நம்ம விட்டது இன்னொருத்தன் ஸ்டாண்டுக்கு, இன்னொருத்தன் விட்டது நம்ம ஸ்டாண்டுக்கு. இதுல "நான் வளர்த்த கிடாவ அவன் அடிச்சுட்டான்"னு பக்கத்து ஆளோட வருஷக்கணக்கா பேசாம இருக்கிறவங்கள எனக்குத் தெரியும். காட்டு மானுக்கு யாருப்பா பட்டா போட்டுக் குடுத்தது.

கறிதான் வேணும்னா பெட்டை டேக் இருந்தா பெட்டைய அடிங்க, என் கருத்து அவ்ளோதான். ஒரு கிடா பல பெட்டையோட சேரும், அதனால மந்தை எண்ணிக்கை ஏறுறதும் இறங்குறதும் பெட்டை கையிலதான் இருக்கு. கிடாவ மட்டும் விட்டு விட்டு பெட்டையத் தொடாம இருந்தா மான் பெருகி காட்டுல கன்னு செடியெல்லாம் மொட்டையாகும், அப்புறம் எல்லா மானும் எலும்பும் தோலுமாத் திரியும். கிடா டேக் ஒண்ணே ஒண்ணுதான் கையில இருந்தா, அத குச்சிக் கொம்புல கட்டிட்டா அந்த சீசன் கிடா கதை முடிஞ்சுச்சு, அத ஸ்டாண்டுல வில்ல இழுத்து கை நடுங்கும்போது யோசிக்கிறத விட முந்தின நாள் வீட்டுல உக்காந்து யோசிக்கலாம். "மொத நாள் விட்டத கடைசி நாள் அடிக்கிறவன் மானஸ்தன் இல்ல"ன்னு சிலர் பேசுவாங்க, அதுவும் சும்மா. மொத நாள் முப்பது நாள் கையில இருந்துச்சு, கடைசி நாள் இல்ல, மனசு மாறுறதுல என்ன வெக்கம்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கே வெக்கம் இருக்கு. கொஞ்ச வருஷம் முன்னாடி ஒருத்தர் வாழ்க்கைல மொத மானு, குச்சிக் கொம்புக் கிடா, சந்தோஷத்துல போட்டோ அனுப்பினாரு. நான் பெரிய இவனாட்டம் "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருக்கலாமே"ன்னு ரிப்ளை போட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. அடுத்த சீசன் அவர் வரல, வேலைன்னு சொன்னாரு, வேலையாவே இருந்திருக்கலாம். மொத மான எது வேணா அடிக்கட்டும் சாமி, சுத்தமா அடிச்சு, தேடி எடுத்து, வீணாக்காமத் தின்னா போதும்.

தம்பிகிட்ட கடைசில கேட்டேன், "உனக்கு வேண்டியது கறியா கொம்பா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "தெரியலண்ணே"ன்னான். "அப்ப வில்ல இறக்கினது சரிதான், தூங்கு"ன்னேன். சனிக்கிழமை திரும்பப் போறானாம். அதுக்கப்புறம்தான் சொல்றான், அன்னைக்கு பைனாகுலர் கழுத்துக்குப் பாரமா இருக்குன்னு வண்டிலயே வச்சுட்டு ஏறினானாம். திட்டித் தீர்த்துட்டேன்.