பேரிஜத்தைத் தாண்டி ஜீப்பை விடாதீர்கள்

முந்தாநாள் ராத்திரி நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றி வந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஆயுத பூஜை லீவுக்கு ஆறு ஜீப், பதினான்கு பேர், கொடைக்கானல் காட்டுக்குள் போகிற எஸ்கேப் ரோடு என்று எங்கள் ஜீப் குரூப்பில் ஒரு திட்டம் வந்தது. "இது வேண்டாம், அங்கே போகக் கூடாது" என்று எழுதினேன். நாற்பது நிமிஷத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டார்கள். பதினொரு வருஷமாக இருந்த குரூப்.

எடுப்பதற்கு முன்னால் வந்த ஒரு வரிதான் இன்னும் உறுத்துகிறது. "வயசானா பயம் வந்துடும், விடுங்கப்பா." அதற்குக் கீழே ஒன்பது சிரிப்பு. அந்த ஒன்பதில் மூன்று பேரின் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் திட்டத்தை நான் முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். முன்னால் போகும் வண்டி எது, கடைசியில் வரும் வண்டி எது, வாக்கிடாக்கி யார் கையில், டீசல் கேன் எத்தனை, டயரில் காற்றை எங்கே இறக்குவது, முதலுதவிப் பெட்டி எந்த வண்டியில், எல்லாம் இருந்தது. இரண்டு ஸ்பேர் டயர், சிக்கிய வண்டியைக் கேபிளால் இழுக்கிற ஒரு வின்ச், காலைச் சாப்பாட்டுக்கு இட்லிப் பொட்டலம் உட்பட. இவ்வளவு யோசித்தவர்கள் அந்த இடத்துக்குள் போக அனுமதி உண்டா என்ற ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, "செக்போஸ்ட்டில் ஆள் வருவதற்கு முன் தாண்டிவிட வேண்டும்" என்று இருந்தது. இதை வாசித்த எவருக்குமே உறுத்தவில்லையா?

எஸ்கேப் ரோடு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனுக்கும் மூணாறுக்கும் போன பழைய மலைச்சாலை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஜப்பான்காரன் வந்தால் கொச்சிக்குத் தப்பிப் போக வெள்ளைக்காரன் வைத்திருந்த வழி என்பார்கள். 1990-இல் அதை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் கேரளத்தில் 2003-இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா ஆனது. இந்தப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பழைய மேப்பில் கோடு இருக்கலாம். தரையில் இன்றைக்கு அது காடு.

"இ-பாஸ் எடுத்தாச்சு, அப்புறம் என்ன அனுமதி?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து எடுக்கிற இ-பாஸ், கொடைக்கானலுக்கு எத்தனை வண்டி வருகிறது என்று பார்ப்பதற்காக நீதிமன்றம் சொல்லி வந்தது. அதைக் காட்டிக் காட்டுக்குள் போக முடியாது. பேரிஜம் ஏரிக்குப் போவதற்கே வனத்துறையில் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதிலும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. ஏரியைத் தாண்டி நமக்கு வழியே கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 27-ஆம் பிரிவு. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் வரை அபராதம், வண்டியும் பறிமுதலாகலாம். பன்னிரண்டு லட்சம் கடன் போட்டு வாங்கிய வண்டியின் மீது பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, அடுத்த நாளே அதைக் கொண்டுபோய் இப்படி நிறுத்தப் போகிறீர்கள்.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான் பெரியகுளத்துக்காரன். பேரிஜம் ஏரியின் தண்ணீர்தான் எங்கள் ஊருக்குக் குடிநீர். பிறந்ததிலிருந்து அதைத்தான் குடிக்கிறேன், என் மகளும் அதைத்தான் குடிக்கிறாள். நீங்கள் 'டிரைல்' என்று கோடு போட்டு அனுப்பியது எங்கள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. அங்கே மட் டயரோடு ஆறு வண்டி ஏறி இறங்கினால் கரைகிற மண் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

"ஒரு மழை பெய்தால் தடம் மறைந்துவிடும்" என்று எழுதியிருந்தார் ஒருவர். மறையாது, சார். நான் பார்த்திருக்கிறேன். சோலைக்காட்டை ஒட்டிய அந்தப் புல்வெளி கீழே பஞ்சு மாதிரி இருக்கும். பெய்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். கோடையிலும் ஓடையில் நீர் வருவது அதனால்தான். அதன்மேல் ஒன்றரை டன் வண்டி ஒரு தடவை போனாலே பஞ்சு அமுங்கி இறுகிவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது. சக்கரத் தடத்திலேயே வாய்க்கால் மாதிரி ஓடி, அடுத்த மழைக்கு அந்தத் தடம் ஒரு முழம் ஆழமாகும். மழையால் மறையும் என்கிறீர்களே, மழைதான் அதை வெட்டுகிறது. அதோடு, கிளறிய மண்ணில் முதலில் முளைப்பது புல் கிடையாது. சீகை என்று நாம் சொல்கிற, வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம்தான். அதன் விதை வருஷக்கணக்கில் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும், மண் புரளுவதற்காக.

இதில் ஆயுத பூஜை என்றால் எந்த மாதம்? மலையில் மழை பிடிக்கிற மாதம். தரை இருப்பதிலேயே இளகிக் கிடக்கிற நாள் பார்த்துத்தான் போக வேண்டுமா?

"வாட்டிலையும் பைனையும் நட்டது அரசாங்கமே, ரிசார்ட் கட்டுகிறவன் மலையையே வெட்டுகிறான், நாங்கள் ஆறு ஜீப் போவதுதான் கேடா?" என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டீர்கள். அரசாங்கம் நட்டது உண்மை, அது தப்பாகப் போனதும் உண்மை. ரிசார்ட் விஷயத்தில் நான் எழுதியதெல்லாம் இதே பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் குப்பை போடுகிறான் என்பதற்காக நானும் போடுவேன் என்றால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"பொதுக்காடுதானே, நம் வரிப்பணம்தானே?" இதற்குப் பதில் எழுதவே கை வரவில்லை. பொதுக் கிணறு என்பதற்காக அதில் இறங்கித் துணி துவைப்போமா? கொடைக்கானல் மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் காட்டுக்குள் கால் வைக்க அனுமதி கேட்டு நிற்கிறார்கள். ஆபீஸ் லீவில் மூன்று நாள் வருகிற நமக்கு மட்டும் அது சொந்தமா?

இப்போது எல்லோரும் காத்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். "நீ போகலையா?"

போனேன். 2011-இல் போனேன். ஒளிக்கவில்லை. அப்போது சரணாலய அறிவிப்பு வரவில்லை, காப்புக்காடு. காப்புக்காட்டிலும் அனுமதி இல்லாமல் போவது குற்றம்தான், அதனால் அது எனக்குச் சாக்கு ஆகாது. மூன்று ஜீப்பில் மேல்மலைப் பக்கம் ஒரு சரிவில் இறங்கினோம். பச்சைப் புல், மேலே பார்த்தால் விளையாட்டு மைதானம் மாதிரி இருந்தது. என் வண்டி நடுவில் போய் ஆக்சில் வரை புதைந்தது. லோ ரேஷியோவில் போட்டு மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. பின்னால் வந்த வண்டியும் புதைந்தது. இருட்டிவிட்டது, போனில் டவர் கிடையாது. ஓரத்தில் நின்ற ஒரு சோலை மரத்தில் வின்ச் கேபிளை நேராகச் சுற்றி இழுத்தோம். மரத்தைச் சுற்றுவதற்கென்று அகலமான பெல்ட் உண்டு என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேபிள் இறுக இறுகப் பட்டை அப்படியே வளையமாக உரிந்து வந்தது. ஈரமாக ஒரு வாசனை அடித்தது, இப்போது சொன்னாலும் மூக்கில் வருகிறது. வண்டி வெளியே வரவில்லை.

ராத்திரி பத்து மணி இருக்கும், டார்ச் வெளிச்சத்தோடு இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நடந்தே வந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். ஒருவருக்கு என் அப்பா வயது இருக்கும், கிழிந்த ஸ்வெட்டர். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, பக்கத்துல மாடு மேயுது, லைட்ட அணைங்க" என்றார். அவர் மாடு என்றது காட்டுமாடு. தங்கள் குடிசைக்குக் கூட்டிப் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள். மறுநாள் அபராதம் கட்டி, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கடப்பாரையோடு வந்து வண்டியை எடுத்தோம். கிளம்பும்போது அந்தப் பெரியவர் மரத்துப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பொழைக்காது" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

ஆமாம், நான் போனேன். போனதால்தான் சொல்கிறேன். தப்பு செய்தவன் பேசவே கூடாது என்றால், அந்தத் தப்பைப் பற்றித் தெரிந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்? நான் அன்றிலிருந்து வண்டியை விற்றுவிட்டேனா? இல்லை. ஜீப் எனக்கு உயிர். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் டிரைவர் ஓட்டுகிற ஜீப்பில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே போயிருக்கிறேன், அந்தக் கல்பாதையில் அவர் ஸ்டியரிங் பிடிக்கிற அழகைப் பார்த்துக் கற்றிருக்கிறேன். தனியார் நிலத்தில் காசு கட்டி, சேற்றில் புரண்டு ஓட்டியிருக்கிறேன். நடந்து போகிற ஆசை இருந்தால் 2024-இலிருந்து வனத்துறையே நாற்பது பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. வழி இல்லாமல் இல்லை. அனுமதி கேட்டுப் போனால் வீடியோவில் 'யாரும் போகாத இடம்' என்று போட முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2018 மார்ச் 11. குரங்கணி. எங்கள் மாவட்டம். மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி இருபத்து மூன்று பேர் செத்துப் போனார்கள். தீ பிடித்த சரிவுக்கு முதலில் ஓடியது அந்த மலைக்கிராமத்து ஆட்கள். அவர்கள்தான் சுமந்துகொண்டு வந்தார்கள். அந்த வாரம் போடிப் பக்கம் இருந்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். நடந்து போனதும் ஜீப்பில் போவதும் ஒன்றா என்று கேட்காதீர்கள். நான் சொல்வது வேறு. யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் போனால், நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. வண்டி உருண்டால், கரடி அடித்தால், உங்கள் திட்டத்தில் இருக்கிற முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது? பேண்டேஜும் டெட்டாலும். கடைசியில் உங்களைத் தூக்க வரப் போவது ஸ்வெட்டர் கிழிந்த ஒரு மனிதர். யாரும் தாண்டக் கூடாது என்று அவர் காவல் இருக்கிற இடத்தைத்தான் நீங்கள் அவர் வருவதற்கு முன் தாண்டத் திட்டம் போடுகிறீர்கள்.

பயம் வந்துவிட்டதா என்று கேட்டீர்களே. வந்துவிட்டது. என் மகள் குடிக்கிற தண்ணீரை நினைத்துப் பயம். உங்களை நினைத்தும்தான்.

கடைசியாக, ஒருவனுக்கு மட்டும். பெயர் சொல்லவில்லை, நீ படிப்பாய் என்று தெரியும். அந்த ஒன்பது சிரிப்பில் உன்னுடையது இல்லை, பார்த்தேன். ஆனால் நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை மாப்ள. 2011-இல் பின்னால் வந்து புதைந்த வண்டி உன்னுடையது. அந்தக் காப்பியை நீயும்தான் குடித்தாய். இப்போது கடைசியில் வரும் ஸ்வீப் வண்டி என்று உன் பெயர் போட்டிருக்கிறது.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் வாங்கிய மரத்துப் பெல்ட் போன மாசத்திலிருந்து உன் வண்டியில்தான் கிடக்கிறது. போகத்தான் போகிறாய் என்றால் அதையாவது எடுத்துச் சுற்றிவிட்டு இழு. இல்லை, வேண்டாம். நீ போகாதே. பெல்ட்டைக் கொண்டுவந்து வீட்டில் கொடு, நான் இருக்கிறேன்.